ஜாக்கில் ஏற்றினால் ஓய்ந்துவிடும் சத்தம்

தரையோடு தரையாகத் தாழ்த்திய பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்று பட்டறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1970-களின் வண்டி. மேடு ஏறும்போது பின்பக்கத்திலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். பின் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அது கூடுகிறது. சமதரையில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் நின்றுவிடுகிறது. மெக்கானிக் வண்டியை ஜாக் வைத்துத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுகிறார். சத்தமே இல்லை. சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆட்டம் இல்லை, பட்டறை மொழியில் சொன்னால், 'பிளே' இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி இறக்கிவிடுகிறார். தெருமுனை திரும்புவதற்குள் சத்தம் மறுபடியும் கேட்கிறது.

தாழ்த்திய வண்டிகளின் கோளாறுகள் பலவும் இப்படித்தான் ஒளிந்துகொள்கின்றன. காரணம் எளிது. உடலைத் தூக்கினால் சக்கரம் தொங்கும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்திருந்த டிரைவ் ஷாஃப்ட், சக்கரத்தோடு சேர்ந்து கிடைநிலையை நோக்கி இறங்கிவிடும். கூடவே எஞ்சின் தரும் திருகுவிசையும் இல்லை. சத்தத்துக்குக் காரணமான கோணமும் சுமையும் ஒரே நேரத்தில் மறைந்துவிடுகின்றன. ஜாக்கில் நிற்பது ஏறக்குறைய இன்னொரு வண்டி. ஆகவே சோதனையின் முதல் விதி: வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே அதன் அடியில் போக வேண்டும். பள்ளம் உள்ள பட்டறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாய்தளங்களின் மேல் ஏற்றி நிறுத்தலாம். ஸ்டாண்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உடலுக்கு அடியில் வைக்காமல் சக்கரத்தைத் தாங்கும் கைகளுக்கு அடியில் வைக்க வேண்டும். அப்போதுதான் தண்டு, சாலையில் இருக்கும் அதே சாய்வில் நம் கண்முன் நிற்கும்.

அந்தச் சாய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, வண்டியின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த வாகன வணிகர் பென் பொன் 1947-இல் ஒரு தாளில் பென்சிலால் வரைந்த பெட்டி வடிவம்தான் இந்த வேனின் மூலம். எஞ்சின் பின்னால், ஓட்டுநர் முன்னால், நடுவில் சரக்கு. 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க்கில் உற்பத்தி தொடங்கியது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்த அந்த முதல் தலைமுறையில் ஆக்சிலின் கியர்பாக்ஸ் முனையில் மட்டுமே மூட்டு உண்டு. சக்கர முனை விறைப்பானது. ஆகவே சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலோடு சேர்ந்து அதுவும் சாயும். சக்கரத்துக்கு அருகே ஒரு சிறிய பற்சக்கரப் பெட்டியும் இருந்தது. அது ஆக்சிலை சக்கர மையத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்து, வண்டியின் வயிற்றுக்கும் சாலைக்கும் இடையே இடைவெளியைக் கூட்டியது. போர்க்கால ராணுவ வண்டியான கியூபல்வாகனிலிருந்து வந்த ஏற்பாடு அது.

இந்த முதல் தலைமுறையைத் தாழ்த்துபவர்கள் பலர் அந்தப் பெட்டிகளையே கழற்றிவிடுகிறார்கள். ஒரே அடியில் வண்டி பல சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒன்றோடொன்று கடித்துச் சுழலும் இரண்டு பற்சக்கரங்கள் சுழற்சியின் திசையைத் திருப்பிக்கொண்டிருந்தன என்பதை மறந்தால் வினைதான். பெட்டியை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பெரிய வளையப் பற்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பொருத்தாமல் விட்டால், வண்டிக்கு நான்கு பின்கியரும் ஒரு முன்கியரும் கிடைக்கும்!

1967 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறைதான் இந்த அத்தியாயத்தின் நாயகன். ஜெர்மனியில் 1979 வரையும், பிரேசிலில் பல மாற்றங்களோடு 2013 இறுதி வரையும் தயாரான வண்டி. இதில் பொறியாளர்கள் பின்பக்கத்தை அடியோடு மாற்றினார்கள். பற்சக்கரப் பெட்டி போய்விட்டது. ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்டுக்கும் இரு முனைகளிலும் மூட்டு வந்தது. சக்கரத்தைத் தனியான கைகள் தாங்கின. சக்கரம் ஏறி இறங்கினாலும் முன்போல மோசமாகச் சாயாது. இடம் வலம் இரண்டு தண்டுகள், நான்கு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டையும் ஆறு போல்டுகள் பிடித்திருக்கின்றன.

அந்த மூட்டு, எந்திரவியலின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பது என் எண்ணம். அதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் விவரித்த சிலுவை வடிவ மூட்டு இருந்தது. லாரிகளின் அடியில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இன்றும் அதைப் பார்க்கலாம். அதில் ஒரு குறை உண்டு. இரு தண்டுகளும் நேர்கோட்டில் இல்லாதபோது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 20 டிகிரி கோணத்தில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் 6 சதவீதம். அப்படி ஒரே ஒரு மூட்டின் வழியாகச் சக்கரத்தை ஓட்டினால், வேகமானியில் 60 கி.மீ. இருக்கும்போது சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் 56-க்கும் 64-க்கும் இடையே இரண்டு முறை தள்ளாடப் பார்க்கும்.

ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்பிரெட் ரெசெப்பா 1920-களின் இறுதியில் இதற்கு விடை கண்டார். சிலுவைக்குப் பதிலாக எஃகு உருண்டைகள். உள்ளே பள்ளம் வெட்டிய நட்சத்திர வடிவத் துண்டு, வெளியே பள்ளம் வெட்டிய கிண்ணம், இரண்டுக்கும் நடுவே உருண்டைகள், அவற்றை ஒரே தளத்தில் பிடித்துவைக்கும் கூடு. தண்டுகள் எந்தக் கோணத்தில் வளைந்தாலும், உருண்டைகள் எல்லாம் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கின்றன. இரு தண்டுகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி வைத்ததுபோல. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாலும் மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் உருண்டை இருக்கும் தொலைவு ஒன்றே. அதனால் வேகமும் ஒன்றே. சி.வி. ஜாயின்ட் என்று எல்லாப் பட்டறைகளிலும் சொல்கிறோமே, மாறா வேகம் என்ற பொருளில், அதன் முழு ரகசியம் இவ்வளவுதான்.

நம் வேனில் இருப்பது அதன் உறவுக்கார வகை. ஆறு உருண்டைகள். பள்ளங்கள் நேராக இல்லாமல், உள்ளே ஒரு பக்கமும் வெளியே எதிர்ப்பக்கமும் சற்றுச் சரிந்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இதனால் மூட்டு வளைவதோடு, தண்டின் நீளவாக்கிலும் கொஞ்சம் உள்ளே வெளியே நகர முடியும். அந்த நகர்வு இல்லாமல் சக்கரம் ஏறி இறங்கவே முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஒரு தண்டின் இரு மூட்டுகளுக்கும் இடையே கிடைவாக்கில் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கர முனை கியர்பாக்ஸ் முனையைவிட 5 செ.மீ. உயர்ந்தால், சாய்ந்த தொலைவு 50.25 செ.மீ. ஆகும். அதாவது 2.5 மி.மீ. கூடுதல். 10 செ.மீ. உயர்ந்தால் 51 செ.மீ., அதாவது ஒரு முழு சென்டிமீட்டர் கூடுதல். உயரம் இரு மடங்கானால் நீளத் தேவை நான்கு மடங்காகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான் இங்கே வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். சக்கரத்தைத் தாங்கும் கை சாய்வான அச்சில் ஆடுவதால், ஏறும்போது சக்கரத்தைச் சற்று உள்ளேயும் இழுக்கும். அது இந்தத் தேவையில் ஒரு பங்கை ஈடுகட்டும். முழுவதையும் ஈடுகட்டாது.

இப்போது கோணத்தைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் தண்டு ஏறத்தாழ கிடையாக இருக்கிறது. சாலையில் ஒரு மேடு வந்து சக்கரத்தை 8 செ.மீ. தூக்கினால் கோணம் 9 டிகிரி. வண்டியை 10 செ.மீ. தாழ்த்திவிட்டால், சும்மா நிற்கும்போதே 11 டிகிரிக்கு மேல். அதே 8 செ.மீ. மேடு வந்தால் சுமார் 20 டிகிரி. முன்பு எப்போதாவது ஒரு குழியில் மட்டும் தொட்ட எல்லைக்கு அருகில் அந்த மூட்டு இப்போது நாள் முழுவதும் குடியிருக்கிறது.

தாழ்த்துதல் என்பதன் அறிவியல் பொருள் இதுதான் என்று சொல்வேன். வண்டியில் அசையும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நடுநிலை உண்டு. இருபுறமும் இடம் விட்டு, அந்த நடுநிலையைச் சுற்றித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். தாழ்த்தும்போது உறுப்பு மாறுவதில்லை, அதன் நடு மாறுகிறது. ஒரு பக்கத்து இடம் தீர்ந்துபோகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு சத்தமும் அதிர்வும், எங்கோ ஓரிடத்தில் இடம் தீர்ந்துவிட்டது என்பதற்கான அறிகுறி.

கோணம் கூடினால் மூட்டுக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு உருண்டையும் தன் பள்ளத்தில் ஒருமுறை முன்னும் பின்னும் ஓடி வருகிறது. இந்த வேனின் வழக்கமான 185 ஆர் 14 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 100 கி.மீ. பயணத்தில் உருண்டை சுமார் 49,000 முறை ஓடி வருகிறது. கோணம் இரட்டித்தால் ஒவ்வொரு ஓட்டத்தின் தூரமும் ஏறத்தாழ இரட்டிக்கும். உருண்டை என்று பெயர் இருந்தாலும் அது முழுக்க உருளுவதில்லை, ஒரு பகுதி வழுக்குகிறது. வழுக்கலும் சுமையும் சேர்ந்தால் வெப்பம். வெப்பத்தில் கிரீஸ் இளகும், நீர்த்துப்போகும், உருண்டைக்கும் பள்ளத்துக்கும் இடையிலிருந்து ஒதுங்கிவிடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்பு கிரீஸை இந்த மூட்டுகளுக்கு வலியுறுத்துவது வீணாக அல்ல. கிரீஸ் ஒதுங்கினாலும் எஃகின் மேல் ஒட்டிக்கொண்டு காக்கும் மெல்லிய படலம் அது.

கழற்றிய மூட்டு ஒரு புத்தகம் மாதிரி. கிரீஸைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளத்தில் உருண்டை ஓடிய பாதை பளபளப்பான பட்டையாகத் தெரியும். பட்டை பள்ளத்தின் நடுவில் குறுகலாக இருந்தால் மூட்டு வசதியாக வாழ்ந்திருக்கிறது. விளிம்பு வரை நீண்டிருந்தால் கோணம் அதிகம். ஒரு முனையை ஒட்டியே கிடந்தால் நீளவாக்கு நகர்வுக்கு இடம் போதவில்லை. பட்டையில் சிறு குழிகள் விரல்நகத்துக்குத் தட்டுப்பட்டால் எஃகின் மேல்தோல் உரியத் தொடங்கிவிட்டது. நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் வற்றி ஓடியிருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது பள்ளத்தின் ஒரு சுவர்தான் பெரும்பாலும் சுமை தாங்கும் என்பதால், குழி விழாத நிலையிலேயே இடப்பக்கத் தண்டை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றி, மறுசுவரை வேலைக்கு அழைக்கும் பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் கோணத்தைத் திருத்தாமல் இதை மட்டும் செய்தால் அடுத்த சுவரும் அதே வேகத்தில் தேயும். மூட்டை மறுபடி கோக்கும்போது கவனம் வேண்டும். வெளிவளையத்தில் பள்ளங்களுக்கு இடையே அகலமான மேடும் குறுகலான மேடும் மாறிமாறி வரும். அகலமானதற்கு நேரே உள் நட்சத்திரத்தின் குறுகலானது வர வேண்டும். மாற்றிக் கோத்தால் மூட்டு பூட்டிக்கொள்ளும்.

இனி அந்த 'டக் டக்' சத்தத்துக்கு வருவோம். முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் சி.வி. தேய்ந்தால் வண்டி திரும்பும்போது சத்தம் வரும், திருப்பத்தில்தான் கோணம் கூடுகிறது என்பதால். இந்த வேனின் பின்சக்கரங்கள் திரும்புவதில்லை. இங்கே கோணத்தைக் கூட்டுவது பாரம், திருகுவிசையைக் கூட்டுவது மேடு. ஆகவே பின்னால் ஆள் ஏற்றி, மேட்டில், கீழ்க் கியரில் சத்தம் கூடி, காலை எடுத்ததும் குறைந்தால் சந்தேகம் மூட்டின் மேல். காலை எடுக்கும்போதும் மிதிக்கும்போதும் ஒரே ஒரு 'டங்' என்றால், முதலில் போல்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேகத்தோடு ஏறும் தொடர் ரீங்காரம், கிளட்ச்சை மிதித்து வண்டியைத் தன்போக்கில் ஓடவிட்டாலும் நிற்காவிட்டால், வீல் பேரிங் அல்லது டயர். சக்கரமும் டிரைவ் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், 60 கி.மீ. வேகத்தில் இரண்டுமே நொடிக்கு எட்டுச் சுற்றுதான். எஞ்சின் அதைவிடப் பல மடங்கு வேகம். இருக்கையில் உணரும் மெதுவான குலுக்கல் எஞ்சினிலிருந்து வருவதாக இருக்காது.

கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்டு. மூட்டை மூடும் ரப்பர் பூட் அதிகக் கோணத்தில் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் விரியும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் மடிப்புகள் ஒன்றையொன்று உரசும். சக்கரத்தின் உள்பக்கத்திலும் அருகில் உள்ள தகட்டிலும் வட்டமாகக் கருப்புத் தெறிப்பு இருந்தால் பூட் கிழிந்துவிட்டது. புது பூட் மாட்டிய சில மாதங்களிலேயே மறுபடி கிழிந்தால், ரப்பரைக் குறை சொல்லாமல் கோணமானியை எடுக்க வேண்டும். தண்டின் சாய்வை மேலிருந்தும் வண்டியின் பின்னாலிருந்தும் இரண்டு முறை அளக்க வேண்டும். தாங்கும் கை வட்டத்தில் ஆடுவதால், தாழ்த்திய வண்டியில் சக்கரம் முன்பின்னாகவும் நகர்ந்திருக்கும். தண்டு மேலே சாய்வதோடு முன்னோக்கியோ பின்னோக்கியோ ஓடும். மூட்டு இந்த இரண்டு சாய்வுகளையும் சேர்த்தே சுமக்கிறது.

உயரத்தை மாற்றுவது எப்படி? பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கித் தாங்கும் எஃகுக் கம்பி, அதாவது டார்ஷன் பார், குறுக்கே ஒரு குழாய்க்குள் கிடக்கிறது. அதன் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளிமுனையை எதிர்த்திசையில் ஒரு பல் நகர்த்தினால் 8.18 டிகிரி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மிஞ்சுவது 0.82 டிகிரி மட்டும். பற்களின் எண்ணிக்கையில் நான்கே வேறுபாடு வைத்து, ஒரு பல்லின் பதினொன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகத் திருத்த வழி செய்திருக்கிறார்கள். வெர்னியர் அளவுகோலின் அதே தத்துவம். 40 செ.மீ. நீளக் கையின் முனையில் இது ஏறக்குறைய 6 மி.மீ. உயரம். இந்த வேலையைத் தனியாகச் செய்ய முற்படாதீர்கள். முறுக்கப்பட்ட கம்பியின் தகடு விடுபடும்போது எலும்பை முறிக்கும் வலு அதற்கு உண்டு. இடப்பக்கக் கம்பியும் வலப்பக்கக் கம்பியும் ஒன்றல்ல, ஒவ்வொன்றும் தன் திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டது. மாற்றிப் போடக் கூடாது.

பலர் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். தாழ்த்தியதும் வண்டி 'ஹார்டாகிவிட்டது' என்று சொல்லி, மெல்லிய கம்பியைத் தேடுகிறார்கள். பல் நகர்த்தியதால் கம்பியின் விறைப்பு மாறவில்லை. அதே கம்பி, அதே பாரம், அதே முறுக்கு. மாறியது மேல்நோக்கி நகர மீதமுள்ள தூரம். சிறு பள்ளத்திலேயே கை ரப்பர் தடையில் போய் முட்டுகிறது. நீளமான பழைய ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்குகிறது. அந்த முட்டலைத்தான் முதுகு 'ஹார்ட்' என்று உணர்கிறது. மெல்லிய கம்பி போட்டால் வண்டி இன்னும் இறங்கி, இன்னும் அடிக்கடி முட்டும். தேவை குட்டையான ஷாக் அப்சார்பர், சில நேரம் சற்றுத் தடித்த கம்பியும்கூட. ரப்பர் தடையில் கொஞ்சம் சுண்ணாம்பு பூசி ஒரு சுற்று ஓட்டி வந்தால், முட்டுகிறதா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்பக்கத்தில் இரண்டு குறுக்குக் குழாய்களுக்குள் மெல்லிய எஃகுப் பட்டைகளின் அடுக்கு முறுக்கிக்கொள்கிறது. குழாயின் நடுவில் உயரம் திருத்தும் அட்ஜஸ்டர் பொருத்தி இறக்கினால் கைகள் மேல்நோக்கித் திரும்பி, பால் ஜாயின்ட் தன் எல்லையில் நிற்கும். ஸ்டியரிங் கனத்து, திருப்பம் முடிந்தும் தானாக நேராகாது. சக்கர அச்சை உயர்த்தி வார்த்த ஸ்பிண்டில் போட்டால் கைகள் பழைய கோணத்திலேயே இருக்க, உடல் மட்டும் இறங்கும். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது, கொஞ்சம் செலவானாலும். முன்பக்கத்தை மட்டும் மிகத் தாழ்த்தி மூக்குக் குத்திய தோற்றம் தருபவர்களுக்கு ஒரு கணக்கு: இந்த வேனின் வீல்பேஸ் 2.4 மீட்டர். பின்பக்கத்தைவிட முன்பக்கம் கூடுதலாக 5 செ.மீ. இறங்கினால், நேர்கோட்டில் ஓட உதவும் காஸ்டர் கோணத்தில் 1.2 டிகிரி பறிபோகும். மொத்தமே சில டிகிரிதான் இருக்கும் கோணம் அது. நெடுஞ்சாலையில் குறுக்குக் காற்று அடிக்கும்போது வண்டி அலைபாய்வதாகச் சொல்பவர்கள், ஸ்டியரிங் பெட்டியை இறுக்குவதற்கு முன் வண்டியின் இரு முனை உயரங்களையும் அளந்து பார்க்கட்டும்.

மூல வியாதிக்கு, அதாவது பின்தண்டின் சாய்வுக்கு, உண்மையான மருந்து ஒன்றே. சக்கர முனை உயர்ந்துவிட்டதென்றால் கியர்பாக்ஸ் முனையையும் உயர்த்த வேண்டும். உயரமான தாங்கிகள் போட்டு கியர்பாக்ஸையும் எஞ்சினையும் சட்டகத்துக்குள் சில சென்டிமீட்டர் மேலேற்றினால் தண்டு மறுபடி கிடையை நெருங்கும். கணக்கில் பார்த்தோமே, 10 செ.மீ. வேறுபாடு 6 ஆகக் குறைந்தாலே கோணம் 11-லிருந்து 7 டிகிரிக்கு இறங்கும், கூடுதல் நீளத் தேவையும் மூன்றில் ஒரு பங்காகும். அதற்கும் எல்லை உண்டு. மேலே எஞ்சின் அறையின் கூரை தட்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்னால் ஓடும் நீண்ட கியர்க் கோல் கோணிக்கொண்டு கியர் விழ மறுக்கும். எனவே எவ்வளவு உயர்த்த முடியும் என்று முதலில் அளந்து, அதற்கேற்பத்தான் எவ்வளவு தாழ்த்துவது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தோற்றத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மூட்டுகள் மேல் மூட்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை முடிந்து பூட்டும்போது நான்கு மூட்டுகளின் 24 போல்டுகளையும் அவற்றின் துளைகளையும் கிரீஸ் இல்லாமல் துடைத்து, டார்க் ரென்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு போல்டின் தலையிலிருந்து மூட்டின் விளிம்புவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு மெல்லிய கோடு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தி, டார்ச் விளக்கோடு அடியில் படுங்கள். கோடு ஒடிந்திருக்கும் போல்டைத் தேடுங்கள்.